ஐலாஷ் லிஃப்ட்: 55 தாண்டியவர்களுக்குக் காசுக்குத் தகுமா?

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மஸ்காரா தீட்ட வழியில்லை. கழற்றி வைத்தால் முகம் பார்க்கும் கண்ணாடியில் இமையே தெரிவதில்லை. வெள்ளெழுத்து வந்த பெண்களில் பலர் கண் அலங்காரத்தை மெல்ல மெல்ல விட்டுவிடுவது இந்தச் சங்கடத்தால்தான். ஐலாஷ் லிஃப்ட்டுக்காக ஒருமுறை பார்லரில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் 6 முதல் 8 வாரத்துக்கு இமைமுடி நிமிர்ந்தே இருக்கும் என்றால், 20 வயதுப் பெண்ணைவிட இவர்களுக்குத்தான் அது உண்மையான உதவி. சேவையில் குறையில்லை. 25 வயதுக்காரிக்குப் போடும் அதே பேட் (முடியை வளைக்கும் சிலிக்கான் அச்சு), அதே லோஷன் நிமிடக் கணக்கை 62 வயதுக்காரருக்கும் போட்டு அனுப்பும் பார்லர்கள்தான் அதிகம். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே", "முடி கருகின மாதிரி ஆயிடுச்சு" என்ற புகார்களில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. எந்த பிராண்ட் லோஷன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில், இது என்ன செய்கிறது என்பது. புதிய முடி எதையும் ஒட்டுவதில்லை. அது எக்ஸ்டென்ஷன், வேறு கதை. லிஃப்ட் என்பது தலைமுடியை ரசாயனத்தால் சுருட்டும் பெர்மிங்கின் தங்கச்சி. முதல் லோஷன் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து முடியை இளக்குகிறது. இமைமேல் ஒட்டிவைத்த சிலிக்கான் பேடின் வளைவில் முடி படிந்துகொள்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ கலந்த இரண்டாவது லோஷன், உடைந்த பிணைப்புகளை அதே வளைவில் மறுபடி பூட்டுகிறது. கடைசியாகத் தடவும் கெரட்டின், எண்ணெய்க் கலவை சாம்பார் மேல் தூவும் கொத்தமல்லி மாதிரி. இருந்தால் நல்லது, ஆனால் சாம்பார் அதனால் ஆவதில்லை. ஆகவே 'கெரட்டின் லிஃப்ட்', 'வைட்டமின் லிஃப்ட்' என்று விலைப்பட்டியலில் தனியாக ஆயிரம் ரூபாய் ஏற்றியிருந்தால், முதல் லோஷன் என்ன என்று கேளுங்கள். வேலை செய்வது அதுதான்.

மேலிமையில் ஏறத்தாழ 90 முதல் 160 முடி இருக்கும்; இளவயதில் நீளம் 8 முதல் 12 மில்லிமீட்டர். மாதவிடாய் நின்ற பிறகு முடி மெலியும், குட்டையாகும், நிறம் வெளிறும். எண்ணிக்கை குறைந்து இடைவெளி விழுந்திருந்தால் லிஃப்ட் அதை அடைக்காது. சிலருக்கு இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரியவும் கூடும். முடி போதுமான அளவு இருந்து, அது நேராகவோ கீழ்நோக்கியோ வளர்ந்து, கண்ணுக்குத் திரை போட்டது போல் தொங்குகிறவர்களுக்கு இது அருமையாக வரும். இன்னொரு லாபமும் உண்டு. நேராக நீண்டிருக்கும் முடி கண்ணாடியின் லென்ஸில் உரசி எப்போதும் கறை ஏற்படுத்தும். நிமிர்த்திவிட்டால் அந்தத் தொல்லை போகும்.

இனி, பார்லர்க்காரர்கள் சொல்லாத விஷயம்: தொங்கும் மேலிமை. வயதாக ஆக மேலிமைத் தோல் தளர்ந்து, மடிப்பு இமைமுடியின் வேர்வரை இறங்கி உட்கார்ந்துவிடும். அந்த மடிப்புக்குள் முடியை நிமிர்த்தினால் நுனி போய்த் தோலில் குத்தும். அரிப்பு, கண்ணைக் கசக்குதல், முடி இன்னும் உதிர்தல் என்று அது ஒரு சுற்று. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பார்லருக்குப் போவதற்கு முன் நாலைந்து நாள், யாரையாவது விட்டுச் சாதாரண மஸ்காரா தீட்டிக்கொள்ளுங்கள். முடி சுருட்டும் கர்லரையும் மெதுவாக ஒரு அழுத்து. மாலையில் மேலிமைத் தோலில், புருவத்துக்குக் கீழே, வரிசையாகக் கரும்புள்ளி அச்சு விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் முழுச் சுருள் உங்களுக்கு ஆகாது. வேரிலிருந்து லேசாக மட்டும் நிமிர்த்தச் சொல்ல வேண்டும். மடிப்பு முடியை முழுக்க மூடி, பார்வையையே மறைக்கிறது என்றால் பார்லர் வேலையே இல்லை. கண் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

இதில்தான் பேட் தேர்வு வருகிறது, முழுச் சேவையின் உயிரும் அதுதான். பேட்கள் எஸ், எம், எம்1, எம்2, எல் என்று பெட்டிக்குப் பெட்டி அளவு மாறி வரும். சின்ன பேட் இறுக்கிச் சுருட்டும். பெரிய பேட் விரிந்த வளைவு தரும். ஒட்டிய முடியின் நுனி பேடின் முக்கால் உயரத்தில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. மேல்விளிம்பைத் தாண்டி மடிந்தால் நுனி தூண்டில் கொக்கிபோல் வளைந்துவிடும். பாதிக்கும் கீழே நின்றால் வளைவே கிடைக்காது. வயதானவர்களிடம் இந்த விதி முட்டிக்கொள்கிறது. முடி 6, 7 மில்லிமீட்டர்தான் என்பதால் கை எஸ் பேடைத் தேடும். ஆனால் எஸ் பேடின் சுருள் பின்னால் வளைந்து, தொங்கும் தோலில்தான் போய் முட்டும். அனுபவமுள்ளவர் இங்கே முகப்பு தட்டையான பேடின் சின்ன அளவை எடுப்பார். அது வேரில் நிமிர்த்தி நேராக மேலே விடும், உருட்டாது. அப்படி ஒரு பேட் பெட்டியிலேயே இல்லாத பார்லரில், தொங்கும் இமை உள்ளவர்கள் படுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கண்ணின் வெளிமூலையில் முடி நீளம், உள்மூலையில் குட்டை என்றால் பேடைக் கத்தரியால் வெட்டி இரண்டு அளவு வைப்பதும் உண்டு. அப்படி வெட்டுகிற கையைப் பார்த்தால் நம்பிப் படுக்கலாம்.

பேட் ஒட்டும் விதமும் கவனிக்க வேண்டியது. வேருக்கு ஒட்டினாற்போல் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ளி ஒட்டினால் முடி முதலில் நேராகப் போய், பிறகு முழங்கை மாதிரி ஒடிந்து நிற்கும். சுருக்கம் விழுந்த தோலில் பேட் சமமாகப் பதியாது. அதனால் புருவத்தின் கீழ்த்தோலை நெற்றிப் பக்கம் டேப்பால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார்கள். அது சரியான முறை. இழுப்பு கூடிவிட்டால் இமை முழுக்க மூடாமல் கீற்றளவு திறந்து நிற்கும். லோஷன் உள்ளே போவதற்கு அந்தக் கீற்று போதும். டேப் போட்ட பிறகு சிறு டார்ச்சைக் காட்டி வெண்விழி தெரிகிறதா என்று பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பார்ப்பவர்தான் தொழில் தெரிந்தவர். முகவாதம் வந்து குணமானவர்கள், தூக்கத்தில் கண் முழுக்க மூடாதவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கீழிமை தளர்ந்திருந்தால் கீழே வைக்கும் ஜெல் பேட் வழுக்கும். ஒட்டின சில நிமிடங்களுக்குப் பிறகு அதன் விளிம்பு கண்ணுக்குள் ஏறியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்து முடியைப் பேடில் ஏற்றும் கட்டம். மொத்த நேரத்தில் பாதி இதற்கே போக வேண்டும். தண்ணீரில் கரையும் பசையை மெல்லியதாகத் தடவி, ஒவ்வொரு முடியாகப் பிரித்து, இணையாகச் சீப்பி ஒட்ட வேண்டும். இரண்டு முடி ஒன்றாகச் சேர்ந்தாலோ குறுக்கே விழுந்தாலோ அடுத்த ஒன்றரை மாதம் அப்படியேதான் நிற்கும். நரைத்த முடி உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: வெள்ளைச் சிலிக்கானின் மேல் வெள்ளை முடி கண்ணுக்கே தெரியாது. மூலையில் இருக்கும் பத்துப் பதினைந்து நரைமுடியை விட்டுவிட்டு மீதியை நிமிர்த்தினால், பார்லரை விட்டு வரும்போது ஒன்றும் தெரியாது. வீட்டு வெளிச்சத்தில் இரண்டு மூலையிலும் முடி கீழே தொங்கும். ரோஸ், நீலம் போன்ற நிறப் பேடும், பக்கவாட்டில் ஒரு விளக்கும், கண்ணில் பூதக்கண்ணாடியும் இருந்தால் இது நேராது. கேட்டு வாங்க வேண்டிய வசதிகள்தான் இவை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

கண்ணில் நீர் கசிபவர்களுக்குப் பசை இளகி, முடி பேடைவிட்டு எழும்பிக்கொண்டே இருக்கும். அதை அமுக்க மறுபடி மறுபடி பசை போட்டால் லோஷன் முடிக்குள் இறங்காது, பசைப்படலம் தடுத்துவிடும். பஞ்சு முனையால் மூலையில் நீரை ஒற்றியெடுத்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். முந்தின இரவு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வருவதும் இதே தடையைத்தான் உண்டாக்குகிறது. விளக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பளபளப்பு தரும், அவ்வளவே. லிஃப்ட் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அதையும் காஜலையும் நிறுத்திவிடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம், நெற்றி வழியே இறங்கும்.

நிமிடக் கணக்குக்கு வருவோம். தயோகிளைகாலேட் என்ற ரசாயனம் கலந்த வழக்கமான முதல் லோஷனில் திடமான கருமுடிக்கு 8 முதல் 10 நிமிடம் வைப்பார்கள் என்றால், மெலிந்த முடிக்கு 5, 6 நிமிடமே ஏராளம். ஒவ்வொரு கம்பெனியும் தன் லோஷனுக்குத் தனிக் கணக்கு தருகிறது, அதை மீறக் கூடாது. அந்தக் கணக்கிலும் 'மெல்லிய முடி' என்ற வரிசையைத்தான் வயதானவர்களுக்குப் பார்க்க வேண்டும். நரைமுடி சிலருக்கு மட்டும் விறைப்பாக இருக்கும், சீக்கிரம் மசியாது. அதனால்தான் 4, 5 நிமிடம் ஆனதும் ஒரு முடியைக் கருவி முனையால் பேடிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த முடி வளைவோடு நின்றால் போதும், துடைத்துவிடலாம். தளர்ந்து நேரானால் இன்னும் ஒரு நிமிடம். போனில் டைமர் வைத்துவிட்டு வேறு வாடிக்கையாளருக்குத் த்ரெடிங் செய்யப் போகிறவரிடம் இந்தச் சோதனை நடக்காது.

லோஷன் தடவும் இடமும் அப்படித்தான். தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டு, முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் பட்டையாக வர வேண்டும். நுனியில் படக் கூடாது. இருப்பதிலேயே நைந்த பகுதி அதுதான். 10 மில்லிமீட்டர் முடியில் 4 மில்லிமீட்டர் பட்டை போடுபவர், 6 மில்லிமீட்டர் முடியில் 2 மில்லிமீட்டரோடு நிறுத்த வேண்டும். பழக்கத்தில் அதே அகலத்துக்கு இழுத்துவிட்டால் நுனிவரை வெந்து, தீப்பட்ட நூல்போல் நெளிநெளியாகிவிடும். ஏசி 18-இல் ஓடும் அறையில் லோஷன் மெதுவாகவும், மின்சாரம் போன மே மாதப் பிற்பகலில் வேகமாகவும் வேலை செய்யும் என்பதையும் கணக்கில் எடுப்பவர்கள் உண்டு.

எந்த லோஷன்? சந்தையில் இரண்டு குடும்பம். ஒன்று தயோகிளைகாலேட் வகை: காரத்தன்மை கூடுதல், அழுகிய முட்டை வாடை, வேலை வேகம். மற்றது சிஸ்டியமின் வகை: சற்றே மென்மை, ஆனால் முடி ஈரமாகும்போதெல்லாம் இரண்டு மூன்று நாள் ஒரு வாடை வரும். மெலிந்த முடிக்குச் சிஸ்டியமின் எங்கள் தேர்வு. ஆஸ்திரேலியாவின் எல்லிபானாவிடம் ரீஜென் என்று இந்த வகை இருக்கிறது. பிரிட்டனில் எல்விஎல் என்ற பெயரில் நூவோ லாஷஸ் நடத்தும் சேவையும், சுவிட்சர்லாந்தின் யூமியும் பரவலாக அறியப்பட்டவை. லண்டன், டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமாயிருக்கும். மென்மையானது என்பதற்காகச் சிஸ்டியமினை இரு மடங்கு நேரம் வைத்தால் முடி அதிலும் கெடும். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்த விதிப்படி, இமைமுடி வளைக்கும் பொருளில் தயோகிளைகாலிக் அமிலம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தொழில் செய்பவர்கள் மட்டுமே அதைக் கையாள வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் வீட்டு கிட்களைப் பற்றி எங்கள் கருத்துக்கு இதுவே போதும். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தன் இமையில் தானே லோஷன் தடவ முடியாது. மகளோ மருமகளோ வீடியோ பார்த்துச் செய்து விடுவதும் அதற்கு ஈடாகாது.

இன்னொரு சிக்கனப் பழக்கம்: ஒருமுறைக்கான சாஷேயைத் திறந்து, மீதியை மடித்து க்ளிப் போட்டு அடுத்த வாரம் எடுப்பது. காற்றுப்பட்ட லோஷன் வீரியம் இழக்கும். "பிடிக்கலையே" என்று நேரத்தைக் கூட்டுவார்கள். முடி நிமிராமலே வறண்டுபோவது இப்படித்தான். சாஷேயை உங்கள் கண்ணெதிரே கிழிக்கச் சொல்லுங்கள்.

சாயம் ஏற்றும் கட்டம் இளவயதுக்காரர்களுக்கு வேண்டுமானால் கூடுதல் அலங்காரம். 55 தாண்டியவர்களுக்கு அதுதான் பாதிப் பலன். நிறமில்லாத முடியை எவ்வளவு அழகாக நிமிர்த்தினாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. பொதுவாகப் பயன்படும் ஆஸ்திரிய ரெஃபெக்டோசில் சாயத்தில் 2 சென்டிமீட்டர் பேஸ்ட்டுக்கு 3 சதவீத ஆக்சிடன்ட் (பெராக்சைடு திரவம்) 10 சொட்டு என்பது கலவை. தனியாகச் சாயம் மட்டும் என்றால் 10 நிமிடம் வரை வைப்பார்கள். லிஃப்ட் முடிந்த கையோடு என்றால் முடியின் செதில் திறந்திருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஏறிவிடும். நீலக் கருப்பு வேண்டாம். வெளிறிய புருவத்துக்குக் கீழே அது பொம்மைக் கண்ணாகத் தெரியும். இயற்கைக் கருப்பு அல்லது அடர்பழுப்பு பொருந்தும். சாயம் 4 வாரத்தில் மங்கத் தொடங்கும், லிஃப்ட் அதற்குப் பிறகும் நிற்கும். "6 வாரம்னு சொன்னாங்க, ஒரு மாசத்துலயே போயிடுச்சு" என்பவர்கள் சொல்வது பெரும்பாலும் நிறத்தைத்தான்.

ஆனால் சாயத்தில் உண்மையான ஆபத்து இருக்கிறது, அது நம் வீட்டுப் பெண்களுக்குக் கூடுதல். 20, 30 வருடம் தலைக்கு டை அடித்தவர்களின் உடல், அந்த டையில் இருக்கும் பிபிடி எனப்படும் பாராபினைலீன்டையமின் மீது ஒவ்வாமை கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஹென்னா என்று எழுதி விற்கும் கருப்புப் பவுடர் சாஷேக்களிலும் பலவற்றில் அது உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். டை அடித்த மறுநாள் காதோரம் அரிப்பு, நெற்றியில் தடிப்பு, கண் வீக்கம் என்று எப்போதாவது வந்திருந்தால் இமைச் சாயத்தின் பக்கமே போகாதீர்கள். "இதுல பிபிடி இல்லம்மா" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். அதற்குப் பதில் சேர்க்கும் டொலுயீன்டையமின், பிபிடி ஒவ்வாத பலருக்கும் ஒத்துக்கொள்ளாது. 1933-இல் அமெரிக்காவில் விற்ற லாஷ் லூர் என்ற இமைச் சாயம் பார்வை இழப்புவரை கொண்டுபோய்விட்டது. 1938-இல் அங்கே அழகுப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவரக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று. அதில் இருந்தது இதே பிபிடிதான். முன் அனுமதி இல்லாமலே விற்கலாம் என்று தலைமுடிச் சாயத்துக்குக் கொடுத்திருக்கும் விலக்கை அமெரிக்க அரசு இமைக்கும் புருவத்துக்கும் இன்றுவரை நீட்டவில்லை.

எனவே பேட்ச் டெஸ்ட். லிஃப்ட் லோஷன், பசை, சாயம் மூன்றிலும் துளியெடுத்துக் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் தடவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் "ஒண்ணும் ஆகலையே, படுங்க" என்பது டெஸ்ட் ஆகாது. இந்த வகை ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். ஒவ்வாமை உறுதி என்றால் சாயமில்லாமல் லிஃப்ட் மட்டும் செய்துகொண்டு, வெந்நீரில் குழாய்குழாயாகக் கழன்று வரும் ட்யூபிங் மஸ்காராவைத் தேவையான நாளில் போடலாம். நிமிர்ந்த முடியில் மஸ்காரா போடுவது கை நடுங்குபவர்களுக்கும் சுலபம்.

யார் தள்ளிப்போட வேண்டும்? கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து முழுக்க நின்று, குறைந்தது மூன்று மாதமாவது கழிந்து, செய்த மருத்துவரே சரி என்ற பிறகுதான். மெட்ராஸ் ஐ, கண்கட்டி இருக்கும்போது கூடவே கூடாது. இமை விளிம்பு சிவந்து, முடியின் அடியில் பொடுகுபோல் செதில் கட்டியிருந்தால் அது இமை அழற்சி. வயதோடு கூடிவரும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியின் வேலையாகவும் இருக்கலாம். அதை ஆற்றாமல் மேலே ரசாயனம் போட்டால் எரிச்சல் நிச்சயம். மாதவிடாய் நின்ற பிறகு பலருக்கும் கண் வறட்சி உண்டு. செயற்கைக் கண்ணீர் சொட்டு விடுபவர்கள் லிஃப்ட் அன்று அதைத் தொடங்குவதற்கு முன்பே விட்டுக்கொண்டு, 24 மணி நேரத்துக்கு முடி நனையாமல் கீழிமையை இழுத்து விட வேண்டியிருக்கும். அது சிரமம் என்றால் இந்தச் சேவை சிரமம்தான். புற்றுநோய் மருந்தால் உதிர்ந்து புதிதாக முளைத்த முடி முழு நீளம் வந்து, திடமாகும்வரை பொறுக்க வேண்டும். முடி உள்நோக்கித் திரும்பிக் கருவிழியைக் குத்துபவர்கள் இதை வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு வேண்டியது கண் மருத்துவர்.

கண்ணழுத்த நோய்க்கு பைமேட்டோபிராஸ்ட், லாட்டனோபிராஸ்ட் சொட்டு விடுபவர்களுக்கு முடி தானாகவே நீண்டு, கறுத்து, தாறுமாறாக வளைந்திருக்கும். அதே பைமேட்டோபிராஸ்ட்டை 0.03 சதவீதத்தில் இமைமுடி வளர்க்கும் மருந்தாக அமெரிக்கா 2008-இல் அனுமதித்தது. முடி மிகக் குறைந்தவர்களுக்கு லிஃப்ட்டைவிட அதுதான் பயன் தரும். முழுப் பலனுக்கு 16 வாரம் ஆகும். ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும், இமைத்தோல் கறுக்கலாம், கருவிழி நிறம் நிரந்தரமாக மாறவும் கூடும். 'சீரம்' என்று பார்லரில் கைமாறும் பெயரில்லாப் புட்டிகளை வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பற்றி ஒரே வரி: மெலிந்த முடியில் பாரம் கட்டித் தொங்கவிடுவதை 60-க்கு மேல் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

படுக்கையில் 60 முதல் 75 நிமிடம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கழுத்தடியில் சுருட்டிய டவலும், முட்டிக்குக் கீழே ஒரு தலையணையும் தேவை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். நடுவில் இருமல் வந்தால் கண்ணைச் சுருக்காமல் இருக்க முடியாது, லோஷன் நகரும். சளி பிடித்த வாரத்தில் தேதியை மாற்றிக்கொள்வதே மேல். பாத்ரூம் போய்விட்டுப் படுங்கள். எழும்போது பேடை உரித்து எடுக்கக் கூடாது. தண்ணீரில் பசையைக் கரைத்து, மேலிருந்து கீழே உருட்டி எடுப்பதுதான் முறை. இந்த வயதின் இமைத்தோல் காகிதம் மாதிரி. முடிந்ததும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்திருங்கள். ரத்தஅழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

முதல் 24 மணி நேரம் முடியில் தண்ணீர், ஆவி, எண்ணெய் மூன்றும் படக் கூடாது. நம் சமையலறையில் இது லேசுப்பட்ட காரியமில்லை. இட்லிக் கொப்பரையைத் திறப்பது, கஞ்சி வடிப்பது, ஆவி பிடிப்பது எல்லாம் அன்று வேறு யாராவது செய்யட்டும். தலைக்குக் குளிப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ளவர்கள் ஞாயிறு அல்லது திங்களில் லிஃப்ட் வைத்துக்கொண்டால் அடுத்த குளியலுக்கு ஐந்தாறு நாள் இடைவெளி கிடைக்கும். கவிழ்ந்து படுத்தால் ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, இரண்டு கண்ணும் இரண்டு விதமாக நிற்கும். அதற்குப் பிறகு தனிப் பராமரிப்பு எதுவும் இல்லை; காலையில் சுத்தமான சீப்புப் பிரஷ்ஷால் மேல்நோக்கி ஒரு சீவு.

விலை சென்னை, கோவையில் பெரும்பாலும் 1,500 முதல் 4,000 ரூபாய்க்குள் அடங்கும், சாயம் தனி. அடுத்ததைக் குறைந்தது 8 வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த வயதில் 10, 12 வாரம் என்றால் இன்னும் நல்லது. பழைய வளைவு பாதி முடியில் இருக்கும்போதே மேலே இன்னொன்று செய்தால் அந்த முடிகள் இரண்டாவது முறையும் உடைந்து பூட்டப்படுகின்றன. நைந்து ஒடிவது அவைதான். இமைமுடி தன் சுழற்சியில் உதிர்ந்து முளைப்பதால் லிஃப்ட் சட்டென்று போவதில்லை. நிமிர்ந்த முடிகளுக்கு நடுவே நேரான புதுமுடிகள் தலைகாட்டும், ஆறாவது வாரத்தில் வரிசை கொஞ்சம் கலைந்து தெரியும். அது கோளாறு இல்லை.

சரியாக நிமிரவில்லை என்றால் ஒரு வாரம் பொறுத்து, குறைந்த நேரத்தில் ஒருமுறை திருத்திக்கொள்ளலாம். நல்ல பார்லர்கள் இதற்குக் காசு வாங்குவதில்லை. அதிகமாகச் சுருண்டு போனதை அதே லோஷன் போட்டு நேராக்கித் தருகிறேன் என்றால் மெலிந்த முடிக்கு வேண்டாம், வளர்ந்து மாறும்வரை விட்டுவிடுங்கள். லேசான சிவப்பு சில மணி நேரத்தில் தணியும். செய்யும்போதே கண்ணுக்குள் சுள்ளென்று எரிந்தால் "கொஞ்சம் பொறுங்கம்மா" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் உடனே நிறுத்தச் சொல்லி, ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகும் எரிச்சல், கூச்சம், மங்கல் இருந்தால் லோஷன் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே போனது காரத்தன்மையுள்ள முதல் லோஷனா, பெராக்சைடு கலந்த இரண்டாவதா என்பது தெரிந்தால் மருத்துவருக்கு வேலை சுலபம்.